வட்டத்துக்குள் ஆடுபவரும் வட்டமாக நிற்பவரும்: வாசகர் கேள்வி–பதில்

திறந்தவெளி நிகழ்த்துகலைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்புக்கு வந்த கடிதங்களில் ஆறை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பினாங்கில் ‘தெருக்கலை’ என்றவுடன், 2012இல் ஆர்மேனியன் தெருச் சுவரில் வரையப்பட்ட, மிதிவண்டியில் அமர்ந்திருக்கும் இரு குழந்தைகளின் ஓவியமே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. இந்தப் பக்கத்தில் பேசப்படுவது சுவரில் தங்காத கலை. அரை மணி நேரம் தெருவில் நடந்து, பெருக்கிய தரையை மட்டும் விட்டுச் செல்லும் கலை.

பட்டர்வொர்த் வாசகி: என் மகளுக்கு 22 வயது. கல்லூரியில் படிக்கும்போதே பந்துகளை வீசிப் பிடிக்கும் வித்தையையும் ஒற்றைச் சக்கர மிதிவண்டியையும் பழகிக்கொண்டாள். வார இறுதிகளில் ஜார்ஜ்டவுன் தெருவில் நிகழ்ச்சி செய்ய ஆசைப்படுகிறாள். “கூத்தாடியாகித் தொப்பியை நீட்டிப் பிச்சை எடுப்பதற்கா படிக்க வைத்தாய்?” என்று என் அண்ணன் கேட்கிறார். அவருக்கு நான் என்ன சொல்ல வேண்டும்?

உங்கள் அண்ணனுக்கு நிச்சயம் தெரிந்த ஒரு பழமொழியிலிருந்தே தொடங்குங்கள் அம்மா: ‘ஆரியக் கூத்தாடினாலும் காரியத்தில் கண்ணாயிரு.’ பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல இதை எடுத்தாள்கிறோமே தவிர, அது யாரைப் பற்றிய பேச்சு என்று நாம் யோசிப்பதில்லை. ஆரியக் கூத்து என்பது கயிற்றின் மேலும் மூங்கில் கழையின் மேலும் ஏறி ஆடும் கழைக்கூத்து. குறுந்தொகையின் 7ஆம் பாட்டிலேயே, காற்றில் அலைபட்டு ஒலிக்கும் வாகை நெற்றின் ஓசைக்கு உவமையாக, ஆரியர் கயிற்றில் ஆடும்போது கொட்டப்படும் பறை வருகிறது. எவ்வளவு உயரத்தில் ஆடினாலும் கீழே விரித்திருக்கும் துணியில் விழும் காசின் மேல் ஒரு கண் இருக்கட்டும் என்பதாகவே அந்தப் பழமொழியை நான் படிக்கிறேன். அப்படிப் பார்த்தால், ஆட்டமும் காசும் ஒன்றாகச் சேர்ந்த தொழிலாகத்தான் நம் மொழி இதைத் தொடக்கத்திலிருந்து அறிந்திருக்கிறது. இழிவு பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

பிச்சை கேட்பவர் தம் நிலையைக் காட்டி நம் இரக்கத்தை வேண்டுகிறார். உங்கள் மகள் செய்யப்போவது அதற்கு நேர்மாறானது: பொருளை முதலில் கொடுத்துவிட்டு, விலையை வாங்குபவரின் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறார். சாப்பிட்டு முடித்த பிறகு, எவ்வளவு கொடுப்பது என்பதை வாடிக்கையாளரே முடிவு செய்யட்டும் என்று சொல்லும் துணிச்சல் எந்த உணவுக்கடைக்காரருக்கு இருக்கிறது? நம் மலேசியாவின் சட்டமும் இவ்விரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. பிச்சையெடுப்போரைப் பற்றிப் பேசுவது 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம். தெருவில் நிகழ்ச்சி செய்பவர் போய் நிற்க வேண்டிய இடமோ உள்ளாட்சி மன்றத்தின் உரிம முகப்பு. உங்கள் மகளும் முதலில் மாநகர் மன்றத்துக்குச் சென்று, எந்த இடத்தில், எந்த நேரத்தில், ஒலிபெருக்கியுடனா இல்லாமலா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளட்டும். கடைக்காரர் யாராவது வந்து கேட்கும்போது நீட்டுவதற்கு ஒரு தாள் கையில் இருப்பது பாதிச் சண்டையைத் தவிர்த்துவிடும்.

அண்ணன் பக்கத்திலும் ஒரு நியாயம் இருப்பதை நான் மறுக்கவில்லை. வருமானம் மழைக்கும் பள்ளி விடுமுறைக்கும் ஏற்ப ஏறி இறங்கும். கணுக்கால் பிசகினால் அந்த மாதம் போனது போனதுதான். 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், அதாவது சட்டம் 789இன்கீழ், கலைத்துறையில் சுயமாக உழைப்பவர்களும் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் தாமே பதிந்துகொண்டு சந்தா கட்டலாம். தெருவில் இறங்கும் முன் உங்கள் மகள் இதைச் செய்துவிட்டால், அண்ணனின் கவலையில் கொஞ்சமாவது குறையும்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: ஒரு வித்தைக்காரரின் நிகழ்ச்சியைக் குடும்பத்தோடு நின்று பார்த்தேன். முக்கால் மணி நேரத்தில் உருப்படியான வித்தை ஐந்து நிமிடத்துக்கு மேல் இல்லை. மீதி நேரமெல்லாம் பேச்சு, கைதட்டச் சொல்வது, முன்னால் வரச் சொல்வது. கடைசி வித்தைக்கு முன்னாலேயே பணமும் கேட்டுவிட்டார். இது ஏமாற்று அல்லவா?

நீங்கள் மீதி என்று ஒதுக்கிவிட்ட அந்தப் பேச்சில்தான் தெருக்கலையின் பாதித் தேர்ச்சி இருக்கிறது ஐயா. அரங்கத்தில் நாடகம் போடுபவருக்கு நாற்காலியும் இருளும் கதவும் சீட்டும் ஏற்கெனவே அமைந்திருக்கின்றன. மக்கள் உட்கார்ந்த பிறகே அவர் வாயைத் திறக்கிறார். தெருவில் நிற்பவர் தம் அரங்கத்தை வெறும் தரையிலிருந்து தாமே கட்ட வேண்டும், அதுவும் மனிதர்களைக் கொண்டு கட்ட வேண்டும்.

அவர் தரையில் ஒரு கயிற்றை வட்டமாகப் போட்டிருப்பார். விட்டம் 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்; சுற்றளவு 25 மீட்டர் வரும்; ஆளுக்கு அரை மீட்டர் என்றால் முதல் வரிசையில் 50 பேர் நிற்கலாம். அவர்களை உட்காரச் சொன்னால் பின்னால் இன்னும் இரண்டு மூன்று வரிசைகளுக்குப் பார்வை கிடைக்கும். சொல்லாவிட்டால் அந்த 50 பேரோடு நிகழ்ச்சி நின்றுவிடும். “ஓர் அடி முன்னால் வாருங்கள்” என்று அவர் மூன்று முறை கெஞ்சியதற்குக் காரணம் இதுதான்: கூட்டத்தில் ஓட்டை இருந்தால் சிரிப்பு அதன் வழியாகக் கசிந்துவிடுகிறது, தோளோடு தோள் நின்றால் ஒருவரின் சிரிப்பு அடுத்தவருக்குத் தொற்றுகிறது. காலித் தரையைப் பார்த்து யாரும் நிற்பதில்லை, முதுகுகளைப் பார்த்தே நிற்கிறார்கள். ஆகவே முதல் பத்துப் பேரை நிறுத்துவதுதான் அந்த மாலையின் மிகக் கடினமான வித்தை; அதற்கு மட்டும் யாரும் கைதட்டுவதில்லை.

பணத்தை ஏன் முன்கூட்டிக் கேட்டார் என்றால், கடைசி வித்தை முடிந்த கணமே வட்டம் உடைந்துவிடும், அரை நிமிடத்தில் பாதிப் பேர் தெருமுனையைத் தாண்டியிருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். கடைசி வித்தையில் இரண்டு முறை தவறவிட்டு மூன்றாவது முறை பிடித்தாரா? முதல் இரண்டும் பெரும்பாலும் வேண்டுமென்றே தவறவிட்டவை. அதை ஏமாற்று என்றால், வில்லுப்பாட்டுக்காரர் கதையின் முடிச்சில் நிறுத்தித் தண்ணீர் குடிப்பதும் ஏமாற்றே.

உண்மையான தவறுகளும் நேர்வதுண்டு. ஜார்ஜ்டவுன் கடலோரத் திடலான பாடாங் கோத்தா லாமாவில் ஒரு மாலை, சுவரில் சாயாத ஏணியின் உச்சியில் கால்களை அகட்டி நின்று, ஏணியையே மாற்றி மாற்றித் தட்டிச் சமநிலை காத்த ஓர் இளைஞரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் பக்கத்திலிருந்து தூறல் வந்தது. அவர் பேச்சை நிறுத்தாமலே இறங்கினார். தன் தோளில் கிடந்த துவாலையால் தரையைத் துடைத்தார். ஏணியின் இரண்டு ரப்பர் பாதங்களையும் தூக்கிக் கட்டை விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார்; வழுக்கியது. “இன்றைக்கு இந்த வித்தை இல்லை” என்று சொல்லிவிட்டு, தரையிலேயே செய்யக்கூடிய வேறொன்றைச் செய்து முடித்தார். கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். நான் அன்று பார்த்தவற்றுள் அந்த ரப்பர் பாதத்தைத் தேய்த்துப் பார்த்ததுதான் தொழில்.

எவ்வளவு கொடுக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கடைசிவரை நின்று பார்த்தீர்கள் என்றால், பார்க்கும்போது கையில் பிடித்திருந்த பானத்தின் விலைக்குக் குறையாமல் ஆளுக்குக் கொடுங்கள். சில்லறை இல்லை என்ற காரணம் இப்போது செல்லாது. பெட்டியின் மேல், கைப்பேசியால் பணம் செலுத்துவதற்கான டூயிட்நாவ் அட்டை இருக்கிறது. கொடுக்க இயலாத நாளில் கடைசிவரை நின்று கைதட்டுங்கள், அதுவும் பங்களிப்பே. தொப்பி நீட்டப்படும் நேரம் பார்த்து வட்டத்தை அறுத்துக்கொண்டு நடுவழியாக நடந்து செல்வது மட்டும் வேண்டாம்.

பிறை, தாமான் குடியிருப்பாளர் சங்கச் செயலாளர்: எங்கள் தாமான் திடலில் பொங்கல் விழாவுக்கு, துணியில் தொங்கி ஆடும் சர்க்கஸ் கலைஞர் ஒருவரையும் நெருப்பு வித்தைக் குழு ஒன்றையும் அழைக்கத் திட்டம். செயற்குழுவில் யாருக்கும் அனுபவம் இல்லை. எவற்றைக் கவனிக்க வேண்டும்?

தரையிலிருந்து தொடங்குவோம். துணியில் தொங்குபவரைத் தாங்குவது பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு கால்கள் கொண்ட, தனித்து நிற்கும் இரும்புச் சட்டம். கலைஞரின் எடை 55 கிலோ என்பதால் சட்டம் 55 கிலோவைத் தாங்கினால் போதும் என்று உங்கள் குழுவில் யாராவது சொல்வார்கள். துணியைச் சுற்றிக்கொண்டு மேலிருந்து சட்டென்று அவிழ்ந்து விழுந்து நிற்கும் அந்த ஒரு கணத்தில், சட்டத்தின் மேல் இறங்கும் விசை உடல் எடையைப்போலப் பல மடங்காகும். ஆகவே சட்டத்தைச் செய்தவர் கொடுத்த சுமை வரம்பு, காற்றின் வேக வரம்பு ஆகிய இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். நல்ல கலைஞர் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார், மகிழ்ந்துபோவார். கோபித்துக்கொள்பவரை அழைக்க வேண்டாம். உங்கள் மேடைப் பந்தல்காரரின் இரும்புக் குழாயிலோ திடல் ஓரத்து மரக்கிளையிலோ கட்டிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் நாள் மழை பெய்து திடல் ஊறியிருந்தால், முளைக்குச்சி பிடிக்காது, சட்டத்தின் கால்களும் சமமாக அமராது. கார் நிறுத்துமிடத்தின் தார்த்தரையை மாற்று இடமாக முன்பே குறித்து வையுங்கள்.

இடி கேட்டால் கலைஞர் உடனே இறங்க வேண்டும், கூட்டமும் திடலை விட்டு அகல வேண்டும். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்தே மீண்டும் தொடங்குவது உலகெங்கும் உள்ள நடைமுறை. நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்பதை அன்று காலையிலேயே முடிவு செய்யுங்கள். அந்த ஆள் சிறப்பு விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருப்பவராக இருக்கக்கூடாது.

நெருப்புக் குழுவிடம் எந்த எரிபொருள் என்று கேளுங்கள். மண்ணெண்ணெய் வகை என்றால் சரி. பெட்ரோல் என்றால் வேண்டாம். எரிபொருள் மூடிய கலனில், ஆட்டக்களத்திலிருந்து தள்ளி, ஒருவரின் காவலில் இருக்க வேண்டும். ஆடுபவரின் உடை பருத்தியாக இருக்க வேண்டும், பளபளக்கும் செயற்கைத் துணி உருகித் தோலில் ஒட்டும். ஈரத் துவாலையும் தீயணைப்புக் கருவியும் பிடித்தபடி, வேறெந்த வேலையும் இல்லாத ஒருவர் நிற்க வேண்டும். உள்ளூர் பொம்பா (தீயணைப்பு) நிலையத்துக்கு முன்னறிவிப்பு கொடுங்கள். பொதுப் பொறுப்புக் காப்புறுதி குழுவிடம் இருக்கிறதா, இல்லையென்றால் சங்கம் எடுக்குமா என்பதையும் விலை பேசும்போதே தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மனக்குறையையும் இங்கே கொட்டிவிடுகிறேன். நான் உதவிக்குச் சென்ற ஒரு விழாவில், வட்டத்தில் ஆட வேண்டிய கலைஞரை நான்கடி உயர மேடையில் ஏற்றி, முன்வரிசையில் பிரமுகர்களுக்கு மெத்தை நாற்காலி போட்டு, பொதுமக்களைக் கயிறு கட்டிப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். பாதி நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. பிள்ளைகளின் கண்ணைப் பார்த்துப் பேசியே கூட்டத்தைப் பிடிக்கக்கூடியவர், அன்று காலி நாற்காலிகளிடம் பேசிவிட்டு இறங்கினார். உங்கள் விழாவில் தரையிலேயே வட்டத்துக்கு இடம் விடுங்கள். ஆம்புலன்ஸ் வரும் அளவுக்கு ஒரு வழியை மட்டும் திறந்து வையுங்கள். நேரத்தையும் யோசியுங்கள். ‘கூத்தாடி கிழக்கே பார்த்தான், கூலிக்காரன் மேற்கே பார்த்தான்’ என்பார்கள். நம் ஊர் வெயிலில் வெட்டவெளிக் கலைஞரும் கூலிக்காரரோடு சேர்ந்து, பொழுது சாயட்டும் என்று மேற்கேதான் பார்க்கிறார். மாலை 6 மணிக்கு முன் அவரைக் களத்தில் இறக்காதீர்கள். குடிநீர், நிழல், உடை மாற்ற ஓர் அறை ஆகியவற்றைப் பேசிய தொகையில் கழிக்கவும் வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: யானையும் புலியும் இல்லாததை எப்படிச் சர்க்கஸ் என்கிறார்கள்?

தொடக்கத்திலும் யானை, புலி இருந்ததில்லை, குதிரை இருந்தது. 1768இல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி என்ற முன்னாள் குதிரைப்படை வீரர், வட்டமாக ஓடும் குதிரையின் முதுகில் நின்று காட்டியதிலிருந்தே இன்றைய சர்க்கஸைக் கணக்கிடுகிறார்கள். வட்டத்தில் ஓடும்போது உட்பக்கம் சாய்ந்து நிற்பவருக்குச் சமநிலை எளிதாகிறது. அந்தக் கணக்கில் நிலைபெற்ற 42 அடி விட்டம், அதாவது ஏறத்தாழ 13 மீட்டர், இன்றும் சர்க்கஸ் களத்தின் அளவு. வனவிலங்குகள் பிற்பாடு வந்து சேர்ந்தன. இப்போது பல நாடுகளில் விலகிக்கொண்டிருக்கின்றன. இங்கிலாந்து 2020 ஜனவரியில் ஊர் ஊராகச் செல்லும் சர்க்கஸ்களில் அவற்றுக்குத் தடை விதித்தது. மிஞ்சியிருப்பது மனித உடல். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1984இல் தொடங்கப்பட்ட சர்க் து சொலெய் குழு விலங்குகளின்றியே உலகைச் சுற்றியது. அதன் வேர், பெ-சான்-போல் என்ற சிற்றூரில் மரக்கால் கட்டித் தெருவில் நடந்த ஒரு சிறு குழுவில் இருக்கிறது. அவர்களுள் ஒருவரான ஜில் சான்ட்-குருவா, நிதி திரட்டுவதற்காக 1980இல் கியூபெக் நகர்வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டரை மரக்காலிலேயே நடந்தார். நம் பொய்க்கால் குதிரைக்காரர்கள் இதைக் கேட்டால் தங்கள் தொடைகளைத் தடவிக்கொள்வார்கள்.

கோலாலம்பூர் வாசகி: இந்தியாவிலிருந்து சுற்றுலாவாக வரும் என் தோழி சிலம்பத் தீப்பந்தம் நன்றாகச் சுழற்றுவாள். புக்கிட் பிந்தாங்கில் ஒரு மாலை ஆடிப் பார்க்கலாமா?

வேண்டாம் அம்மா. வெளிநாட்டுக் கலைஞர் பொதுவில் நிகழ்ச்சி செய்ய, அத்தகைய விண்ணப்பங்களைக் கவனிக்கும் அரசுக் குழுவான புஸ்பாலின் ஒப்புதல் வேண்டும். அதை இங்குள்ள ஏற்பாட்டாளர் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெற வேண்டும். சுற்றுலா அனுமதியில் வந்தவர் தொப்பியை விரித்தால் பிரச்சினை மாநகர் மன்றத்தோடு நிற்காது, குடிநுழைவுத் துறைவரை போகும். உங்கள் தோழி பார்வையாளராக வந்து நன்றாகக் கைதட்டிவிட்டுப் போகட்டும்.

டத்தோ கிராமட் உறுமி மேளக் குழுவினர்: தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் செல்லும் காவடிகளுக்கும் திருமணங்களுக்கும் வாசிக்கிறோம். தெருக்கலை விழா என்று நடக்கும்போது எங்களை யாரும் அழைப்பதில்லை. நாங்கள் தெருக்கலைஞர்கள் இல்லையா?

உங்களைவிட அதிக நேரம் தெருவில் நிற்கும் கலைஞர்கள் இந்தத் தீவில் யார் இருக்கிறார்கள்? பினாங்கில் தெரு என்பது நெடுங்காலமாகவே மேடை. சீனர்களின் ஏழாம் மாதத்தில் சாலையோரம் பந்தல் போட்டு நடக்கும் ஆப்பராவும் கையுறைப் பொம்மலாட்டமும், பாட்டும் நகைச்சுவை நடிப்பும் கலந்த மலாய்க்காரர்களின் போரியாவும், டிசம்பரில் ஏறத்தாழ 30 அடி உயரக் கொடிக்கம்பத்தை நெற்றியிலும் பல்லிலும் தோளிலும் தாங்கிச் செல்லும் சிங்கே ஊர்வலமும் அந்த வரிசையில் வருபவை. சிங்கே கொடியைத் தாங்குபவரின் கண்களைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் கம்பத்தின் அடியைப் பார்ப்பதில்லை, உச்சியையே பார்க்கிறார். உச்சியின் சாய்வுதான் முதலில் கண்ணுக்குத் தெரியும், அதற்கேற்பக் கால் நகரும்.

உங்களை அழைக்காததற்கு அலட்சியம் ஒரு காரணம் என்றால், இன்னொரு காரணம் கலையின் வடிவத்திலேயே இருக்கிறது. நீங்கள் ஊர்வலக் கலைஞர்கள். பார்ப்பவர் ஓரிடத்தில் நிற்க, நீங்கள் அவரைக் கடந்து செல்கிறீர்கள். ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். ஆகவே எந்தக் கணத்தில் கேட்டாலும் உச்சத்தில் இருக்கும்படி உங்கள் வாசிப்பு அமைந்திருக்கிறது. அதையே ஓரிடத்தில் நின்று 20 நிமிடம் வாசித்தால், நான்காவது நிமிடத்தில் கேட்பவர் காதைப் பொத்திக்கொண்டு நகர்வார். குறை உங்கள் வாசிப்பில் இல்லை. ஊர்வலத்துக்குத் தைத்த சட்டையை வட்டத்துக்குப் போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

வட்டத்துக்கென்று தனியாக 20 நிமிட நிகழ்ச்சி ஒன்றை உருவாக்குங்கள். குழுவில் சிலம்பம் ஆடுபவரோ கரகம் எடுப்பவரோ இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே கோணத்தில் அதை முழுமையாகப் படம்பிடித்து, எத்தனை பேர், எவ்வளவு இடம், எத்தனை நிமிடம், என்ன தொகை என்பதை மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். 2010 முதல் நடந்துவரும் ஜார்ஜ்டவுன் விழாவும், 2017இல் தொடங்கப்பட்டுக் கலைஞர்களுக்கு மானியம் வழங்கும் செண்டானா அமைப்பும் எதிர்பார்ப்பது இப்படிப்பட்ட தாளைத்தான். ‘எங்களைக் கூப்பிட்டால் வருவோம்’ என்ற வாய்வார்த்தையை எந்தக் குழுவும் கோப்பில் வைக்க முடியாது.

நிகழ்ச்சியை எல்லா மேளங்களோடும் தொடங்காதீர்கள். ஒருவர் மட்டும் வட்டத்தின் நடுவில் உட்கார்ந்து, வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து அந்த ஒற்றை உறுமலை எழுப்பட்டும். தாழ்ந்த ஒலி அது. என்னவென்று கேட்க மக்கள் தாமாகவே ஓர் அடி முன்னால் வருவார்கள். வட்டம் இறுகிய பிறகு இரண்டாவது மேளக்காரர் கூட்டத்துக்குள்ளிருந்தே வாசித்தபடி எழுந்து வரட்டும். ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைச் சூடேற்றி முறுக்கும் வேலையையும் ஒளிக்காமல் வட்டத்துக்குள்ளேயே செய்யுங்கள். பிள்ளைகள் அதை வாய் பிளந்து பார்ப்பார்கள்.